ஏழின் மடங்கு

அத்தியாயம் 6

கணக்குப் பாடமும் ஸ்பீக்கரும் ஒன்பதாம் வகுப்பிலேயே பேச்சை நிறுத்திக்கொண்டவர்கள். ஆகவே முப்பத்தாறு வயதில், காலை பத்தரை மணிக்கு, கடைக்குப் போய் வரைபடத்தாள் வாங்கி வரும் நிலைமை தனக்கு வரும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. விதி யாரை விட்டது?

"பத்து தாள் வாங்கினா ஒரு பென்சில் இலவசம் மேடம். தலைவலி மாத்திரையும் இலவசமா குடுங்கன்னேன். கடைக்காரன் மொறச்சான்," என்றான் ஸ்பீக்கர், தாள்களை மேசையில் வைத்து.

பூதக்கண்ணாடி சிரிக்கவில்லை. அது அவருடைய சொந்தப் பேர் அல்ல. மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் தடித்த கண்ணாடிக்காகத் தெருக்காரர்கள் வைத்த பேர். இருபத்திரண்டு வருஷம் காப்பீட்டுக் கம்பெனியில் விபத்து விசாரணை பார்த்துவிட்டு, இப்போது இரண்டாவது மாடியில் ஒற்றை அறையில் துப்பறியும் நிலையம் நடத்துகிறார். ஸ்பீக்கர் அவருக்கு ஒரே உதவியாளன். அவன் பேர் அவன் அக்கா வைத்தது. இவனுக்கு ஸ்விட்ச் எங்கே இருக்கிறதென்று அம்மா கடைசிவரை கண்டுபிடிக்கவே இல்லை என்பாள்.

எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சிஸ்டரும் சிரிக்கவில்லை. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் அவள். பதினாறு வருஷ வேலை. இன்று மாலை ஐந்து மணியோடு அது முடிந்துவிடும் போலிருந்தது.

"இன்னொரு தடவை சொல்லும்மா," என்றார் பூதக்கண்ணாடி. "ஆரம்பத்துலேர்ந்து."

சிஸ்டர் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை காலைல எட்டு மணிக்குப் பெரியவருக்குப் புது ஆக்சிஜன் சிலிண்டர் மாட்டினேன். அழுத்தம் காட்டற முள்ளு நூத்தம்பதுல, முழுசா, நின்னுச்சு. நிமிஷத்துக்கு ரெண்டு லிட்டர் போகற மாதிரி திருகை வெச்சேன். நோட்டுல எழுதினேன். அப்புறம்தான் கிளம்பினேன். எங்கம்மாவுக்குக் கண் ஆபரேஷன். ரெண்டு நாள் போயிட்டு வாங்க சிஸ்டர், அப்பாவ நான் பாத்துக்கறேன்னு டீச்சர்தான் சொன்னாங்க."

"டீச்சர்னா பெரியவரோட மக."

"ஆமா. கணக்கு டீச்சர். நல்லவங்க மேடம், அவங்களக் குத்தம் சொல்ல மாட்டேன். ஞாயிறு காலைல பத்து மணிக்குத் திரும்பி வந்தேன். பெரியவர் உதடெல்லாம் நீலமா இருந்துச்சு. முள்ளப் பாத்தா பூஜ்ஜியம். கத்தினேன். ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

அதற்குப் பிறகு நடந்ததை ஸ்பீக்கர் மனப்பாடமாகவே வைத்திருந்தான். பெரியவர் இறந்த இரண்டாம் நாள் டீச்சரின் அண்ணன் ஊரிலிருந்து வந்தார். நோட்டைப் புரட்டினார். அந்த இரண்டு நாளும் மகள் எழுதி வைத்த அளவுகள் வரிசையாக இருந்தன. கடைசி வரி: ஞாயிறு காலை ஒன்பது மணி, முள் 24. ஒன்பது மணிக்கு இருபத்து நான்கில் இருந்த முள், சிஸ்டர் வீட்டுக்குள் கால் வைத்ததும் பூஜ்ஜியம் எப்படி ஆனது? இவள்தான் வந்த அவசரத்தில் எதையோ திறந்துவிட்டு வாயுவை வெளியேற்றிவிட்டாள் என்று அண்ணன் முடிவு கட்டினார். நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து, சிஸ்டரை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சிக்கு அனுப்பினார். இரண்டு வாரம் இழுத்துப் பார்த்த ஏஜென்சி, இன்று ஐந்து மணிக்குப் போலீசில் புகார் கொடுக்கிறோம், நீயும் அலுவலகத்துக்கு வந்துவிடு என்று நேற்று அவளிடம் சொல்லிவிட்டது. 

"என் பேர் ஒரு தடவை அங்க ஏறிட்டா, அப்புறம் எந்த வீட்டுலயும் வாசப்படி ஏற விட மாட்டாங்க," என்றாள் சிஸ்டர். "நான் தொட்டது அவரோட கைய மட்டும்தான் மேடம். நாடி இருக்கான்னு பாத்தேன். இத எப்படி நிரூபிக்கறது?"

எப்படி நிரூபிப்பது? மூன்று நாளாக அவர்களும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த அறையில் சாட்சி இல்லை, கேமரா இல்லை. செல்போனில் இருந்த அந்த ஒரு பக்கத்தின் படம்தான் மொத்த ஆஸ்தி.

"ஸ்பீக்கர், அத வாசி."

"வெள்ளி மதியம் மூணு மணி, 132. ராத்திரி பத்து, 114. சனி விடியக்காலை அஞ்சு, 96. மதியம் பன்னெண்டு, 78. சாயங்காலம் ஏழு, 60. ஞாயிறு அதிகாலை ரெண்டு மணி, 42. காலைல ஒம்பது, 24." செல்போனைக் கீழே வைத்தான். "ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சுப் பாத்திருக்காங்க மேடம். எங்க வீட்டுல ரெண்டு மணிக்கு எந்திரிக்கறது ஒரே ஒரு பூனை."

"ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சுப் பாத்தவங்க, காலைல எட்டு மணிக்கு ஏன் பாக்கல? நீ எத்தன மணி நேரத்துக்கு ஒரு தடவைம்மா எழுதுவ?" என்றார் பூதக்கண்ணாடி.

"நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை," என்றாள் சிஸ்டர். "எல்லா சிஸ்டரும் அப்படித்தான்."

"இங்க ஏழு மணி நேரத்துக்கு ஒரு தடவை." பூதக்கண்ணாடி எழுந்து வரைபடத்தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டார். "ஏழு என்ன கணக்கு?"

"ராசியான நம்பரோ என்னவோ."

"வாய மூடிட்டு வண்டிய எடு."

*

சிலிண்டர் கிடங்கு ஒரு பழைய பட்டறைக்குள் இருந்தது. சிமெண்டுத் தரையில் ஆள் உயரச் சிலிண்டர்களை இரண்டு பேர் உருட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் முப்பது வருஷம் வாழ்ந்த கிடங்குக்காரர், காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, எதிரே இருப்பவரிடமும் அடுத்த தெருவில் இருப்பவரிடம் பேசுகிற மாதிரிதான் பேசினார். தனக்கே ஒரு ஸ்பீக்கர் கிடைத்துவிட்டான் என்று ஸ்பீக்கருக்குத் தோன்றியது.

"அந்த வீட்டுச் சிலிண்டரா? தனியா வெச்சிருக்கேன். வழக்கு கிழக்குன்னாங்களே. சோதிச்சும் பாத்தாச்சு. கசிவு கிடையாது. ரெகுலேட்டரும் சுத்தம்."

"யாராவது வேணும்னே திறந்து விட்டிருந்தா?" என்றார் பூதக்கண்ணாடி.

"திருகை முழுசா திறந்தாலும் அரை மணி நேரத்துல பத்து புள்ளி குறையறதே பெரிசு. ரெகுலேட்டரக் கழட்டிட்டுத் திறந்தா உடனே காலியாகும். ஆனா அந்தச் சத்தத்துக்குத் தெருவே எந்திரிச்சு வந்திருக்கும். எனக்கே கேட்டிருக்கும்."

"அப்ப அந்த அம்மா வந்து திறந்து விடலைன்னு எழுதிக் குடுப்பீங்களா?" என்றான் ஸ்பீக்கர் ஆசையோடு.

கிடங்குக்காரர் பஞ்சைச் சரிசெய்துகொண்டார். "நான் அங்க இருந்தேனா தம்பி? கசிவு இல்லைன்னு எழுதித் தரேன். அவ்ளோதான்."

கசிவு இல்லை என்றால் ஆள்தான் காரணம் என்று ஆகிவிடும். அந்தத் தாள் சிஸ்டரின் கழுத்துக்கே கயிறு. ஸ்பீக்கர் வரைபடத்தாளைக் கல்லா மேசையில் விரித்தான்.

"கிடைமட்டக் கோட்டுல மணி," என்றார் பூதக்கண்ணாடி. "வெள்ளி காலைல எட்டு மணி பூஜ்ஜியம். செங்குத்துக் கோட்டுல முள்ளு. அதுல மேல நூத்தம்பது. புள்ளிய வை."

ஏழு மணிக்கு 132. பதினாலு மணிக்கு 114. இருபத்தொன்றுக்கு 96. நாக்கைக் கடித்துக்கொண்டு ஏழு புள்ளிகளையும் வைத்தான். ஸ்கேலை எடுத்து ஒட்டினான். ஒரு புள்ளியும் விலகவில்லை. நூற்றைம்பதிலிருந்து கிளம்பிய கோடு ஏழு புள்ளிகளின் தலையையும் தொட்டுக்கொண்டு நேராக இறங்கியது.

"மேடம், நான் படிக்கறப்ப ரெண்டு புள்ளிக்கு மேல ஒரே கோட்டுல உக்காந்ததா சரித்திரம் இல்ல."

கிடங்குக்காரர் எட்டிப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். "இது முள்ளப் பாத்து எழுதினது இல்ல தம்பி." சுவரில் மாட்டியிருந்த ஒரு ரெகுலேட்டரை எடுத்து மேசையில் வைத்தார். அதன் வட்ட முகத்தில் பத்துப் பத்தாகத்தான் எண்கள் இருந்தன, இடையில் ஒரு சின்னக் கோடு. "இதுல தொண்ணூறு பாக்கலாம், நூறு பாக்கலாம், நடுவுல தொண்ணூத்தஞ்சு பாக்கலாம். 96 எங்க இருக்கு, காட்டு? என் கண்ணுக்கே 96 தெரியாது."

பூதக்கண்ணாடியின் குரல் தணிந்தது. அது நல்ல அறிகுறி. "அந்த டீச்சர் அடுத்த சிலிண்டருக்கு எப்ப சொன்னாங்க?"

"வெள்ளிக்கிழமையே போன் பண்ணிட்டாங்க. இது ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு இருபது வரைக்கும் வரும், எதுக்கும் மதியம் ரெண்டு மணிக்கே அனுப்பிடுங்கன்னாங்க. முப்பது வருஷத்துல எவனும் எனக்கு நிமிஷக் கணக்கு சொன்னதில்ல. கேட்டது என்னன்னா, முழு சிலிண்டர்ல எத்தன லிட்டர். ஏழாயிரம்னேன். அடுத்த நிமிஷமே ஆறு இருபதுன்னுட்டாங்க."

"ஏழாயிரம்," என்றார் பூதக்கண்ணாடி. "மறுபடியும் ஏழு." கையில் இருந்த பென்சிலால் மேசையில் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். விடை வரவில்லை. சுவரில் மணி பன்னிரண்டரை.

*

டீச்சரின் வீட்டில் கூடமே வகுப்பறை. பெஞ்சுகள் நான்கு, கரும்பலகை ஒன்று, பன்னிரண்டு பிள்ளைகள். சுவரோரம் ஒரு இரும்புக் கட்டில் நின்றது. அதில் மெத்தை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் யாரும் புத்தகப்பை வைக்கவில்லை என்பதை ஸ்பீக்கர் கவனித்தான்.

"தனியா பரீட்சை எழுதப் போறான், என் தம்பி முறை," என்று சொல்லித்தான் பூதக்கண்ணாடி அவனை உள்ளே தள்ளினார். "கணக்கு ஒண்ணுதான் பாக்கி."

"வயசானா என்ன, உக்காருங்க," என்றாள் டீச்சர். ஐம்பதை நெருங்கும் ஒல்லியான பெண். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "எனக்கும் ரெண்டு வாரமா சரியில்ல. ஆனா திங்கக்கிழமை பிள்ளைங்களுக்குப் பரீட்சை. அது யாருக்காகவும் தள்ளிப்போகாது."

ஸ்பீக்கரின் முழங்கால் பெஞ்சுக்குள் நுழையவில்லை. பக்கத்துப் பெண் நகர்ந்து இடம் கொடுத்து, அழிரப்பரையும் அவன் பக்கமாகத் தள்ளி வைத்தாள். அவனுக்கு அது தேவைப்படும் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது போலும்.

பலகையில் y = ⅔x + 4 என்று இருந்தது.

"அட்டவணை போடுங்க," என்றாள் டீச்சர். "x-க்கு ஏதாவது ஒரு மதிப்பு எடுங்க."

ஸ்பீக்கர் ஒன்று எடுத்தான். y நாலரைக்கும் ஐந்துக்கும் நடுவில் எங்கேயோ போய் நின்றது. இரண்டு எடுத்தான். ஐந்தைத் தாண்டி முள்ளுக்காட்டுக்குள் போனது. மூன்று முறை அழித்தான். தாள் கிழிந்தது.

"டீச்சர், இந்தப் புள்ளி நிக்க மாட்டேங்குது."

"பின்னம் வந்தா புள்ளி தடுமாறத்தான் செய்யும்." டீச்சர் அவன் கையிலிருந்த பென்சிலை வாங்கினாள். குரலில் கோபமே இல்லை. "கீழ என்ன இருக்கு? மூணு. அப்ப x-ஐ மூணோட மடங்கா எடுக்கணும். பூஜ்ஜியம், மூணு, ஆறு. y என்ன வருது? நாலு, ஆறு, எட்டு. எல்லாம் முழுசு. கோடு போட ரெண்டு புள்ளியே போதும். மூணாவது எதுக்குத் தெரியுமா? நாம சரியான்னு நாமளே பாத்துக்கறதுக்கு."

வாசல் ஓரம் உட்கார்ந்திருந்த பூதக்கண்ணாடி நிமிர்ந்தார். பையிலிருந்து ஒரு துண்டுத்தாளை எடுத்து என்னவோ பெருக்கினார், வகுத்தார். பிறகு அதை மடித்து, பிள்ளைகள் கை வழியாக ஸ்பீக்கரிடம் அனுப்பினார்.

"நிமிஷத்துக்கு 2 லிட்டர்னா மணிக்கு 120. ஏழாயிரத்துக்கு முள்ளு 150. மணிக்கு எவ்ளோ இறங்கும்? 18/7. கீழ ஏழு."

ஸ்பீக்கர் இரண்டு முறை படித்தான். கணக்கில் தோற்றவனுக்கும் புரிந்தது. ஏழு மணி, பதினாலு மணி, இருபத்தொரு மணி. ராசியும் இல்லை, ஒன்றும் இல்லை. பின்னம் வராமல் இருக்க ஏழின் மடங்கு. கணக்கு டீச்சரைத் தவிர உலகத்தில் வேறு யாரும் செய்ய முடியாத தப்பு. இந்த அம்மா முள்ளைப் பார்க்கவே இல்லை. சமன்பாட்டை வைத்து அட்டவணை போட்டிருக்கிறாள். யானைக்கும் அடி சறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? அவன் பெஞ்சிலிருந்தே பூதக்கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தான். அவர் சிரிக்காதது ஏன் என்று அப்போது அவனுக்குப் புரியவில்லை.

*

மூன்றரைக்கு வகுப்பு முடிந்தது. பிள்ளைகள் போனதும் பூதக்கண்ணாடி தாங்கள் யார் என்பதைச் சொன்னார். கிடங்கில் வரைந்த தாளை மேசையில் விரித்தார். டீச்சர் அதைப் பார்த்த பார்வையிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது.

"ஆமா," என்றாள். "நான் முள்ளப் பாக்கல."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வாள் என்று ஸ்பீக்கர் எதிர்பார்க்கவில்லை. தயாராக வைத்திருந்த நாலு வசனமும் வீணாயின.

"அப்பாவுக்கு வாய்க்குள்ள ஸ்பூன் வெச்சு ஊட்டணும். படுக்கை மாத்தணும். நடுவுல நூறு பேப்பர் திருத்தணும். முள்ள எதுக்குப் பாக்கறது, எப்ப எவ்ளோ இருக்கும்னுதான் எனக்குத் தெரியுமே. அண்ணன் வந்து நோட்டு எங்கன்னு கேட்டார். வெறும் பக்கத்தக் காட்டினா அப்பாவ நான் கவனிக்கலைன்னு நினைப்பார். அதனால அன்னிக்கு உக்காந்து எழுதினேன். பொய்தான். ஆனா எண் பொய் இல்ல மேடம். முள்ளு அங்கதான் இருந்திருக்கும்."

"இருந்திருக்கும்," என்றார் பூதக்கண்ணாடி.

"இருந்திருக்கணும். ஒம்பது மணிக்கு இருபத்தி நாலு. சாயங்காலம் ஆறு இருபதுக்குத்தான் பூஜ்ஜியம். பத்து மணிக்கே காலின்னா சிஸ்டர்தானே ஏதோ பண்ணியிருக்கணும்? எனக்கு அவங்க மேல கோபம்கூட இல்ல. பதட்டத்துல பண்ணியிருப்பாங்க. ஆனா கணக்கு பொய் சொல்லாது."

அவள் நடிக்கவில்லை. அதுதான் ஸ்பீக்கரை உலுக்கியது. நோட்டில் பொய் எழுதியவள்தான். ஆனாலும் சிஸ்டர்தான் காரணம் என்று மனசார நம்பிக்கொண்டிருந்தாள். அவன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். கசிவு இல்லை. சிஸ்டர் தொடவில்லை. சமன்பாடும் தப்பில்லை. அப்படியானால் மீதி என்ன இருக்கிறது? 

மேடம் இதைக் கேட்க வேண்டாமே என்று ஒரு நிமிஷம் நினைத்தான். மணி மூன்றே முக்கால். ஐந்து மணிக்குச் சிஸ்டர் அந்த ஏஜென்சி வாசலில் நிற்பாள். கேட்காமலும் இருக்க முடியாது.

பூதக்கண்ணாடி கேட்டார். சத்தமே இல்லாமல் கேட்டார்.

"அந்தத் திருகு, ரெண்டு நாளும் ரெண்டுலயேதான் இருந்துச்சாம்மா?"

"ரெண்டுலதான். சிஸ்டர் வெச்சுட்டுப் போனது." டீச்சர் உடனே சொல்லிவிட்டாள். பிறகு அவள் பார்வை கட்டில் பக்கம் போனது. திரும்பி வர ரொம்ப நேரம் ஆனது.

"சனிக்கிழமை ராத்திரி," என்றாள். "அப்பாவுக்கு மூச்சு வாங்குச்சு. ரொம்ப. என் கையப் புடிச்சுக்கிட்டார். டாக்டருக்குப் போன் போட்டேன், எடுக்கல. அப்ப பத்து மணி. திருகை நாலுக்குத் திருப்பினேன். கொஞ்ச நேரத்துல அடங்குச்சு. தூங்கினார்."

"எப்ப திருப்பி ரெண்டுக்கு வெச்சீங்க?"

"காலைல. ஏழு மணிக்கு."

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வரைபடத்தாள் கட்டுக்குள்ளிருந்து ஒரு புதுத் தாளை உருவினாள். பென்சிலை எடுத்தாள்.

பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் அதே ஒழுங்கோடு வரைந்தாள். அச்சு இரண்டும் போட்டாள், பேர் எழுதினாள், மூலையில் அளவு எழுதினாள். நூற்றைம்பதில் கிளம்பிய கோட்டை முப்பத்தெட்டாவது மணிவரை இறக்கினாள். அங்கே ஸ்கேலை எடுத்துத் திருப்பி வைத்தாள்.

"சாய்வு இங்க ரெட்டிப்பு," என்றாள். "ஒம்பது மணி நேரம்."

கோடு மடங்கி, முன்னைவிடச் சரிவாக இறங்கியது. அதன் அடியில் ஒரு புள்ளி வைத்தாள்.

"நாப்பத்தேழாவது மணில ஆறு. முழு எண்." அவள் உதடு கோணியது. "ஆறுதான் இருந்திருக்கு. நான் திருகை ரெண்டுக்குத் திருப்பினப்ப, முள்ளு என் கைக்கு ஒரு சாண் மேல இருந்துச்சு. நிமிந்து பாக்கல."

கடைசித் துண்டை வரைந்தாள். அது கொஞ்சம்தான். பென்சில் கீழே இருந்த அச்சைத் தொட்டதும் நின்றது.

"ஒம்பது இருபது," என்றாள் டீச்சர். "சிஸ்டர் வர்றதுக்கு நாப்பது நிமிஷம் முன்னாடி."

ஸ்பீக்கர் ஜன்னலைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். வேறு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. மூச்சு வாங்கிய அப்பாவுக்குக் காற்றைக் கூட்டியது ஒரு குற்றமா? மூன்று நாளாக இந்த உண்மைக்காக அலைந்தார்களே, இதோ கையில் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"அந்த நேரம் நான் இதே நாற்காலிலதான் இருந்தேன்." டீச்சர் யாரிடமும் சொல்லவில்லை, தாளிடம் சொன்னாள். "பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தேன். வரைபடத்துல அச்சுக்குப் பேர் எழுதலைன்னு ஒரு பொண்ணுக்கு அரை மார்க் குறைச்சேன். சிலிண்டர்ல ஒரு தண்ணி பாட்டில் இருக்கும் பாருங்க, காத்து அது வழியா கொப்புளிச்சுக்கிட்டே போகும். அந்தச் சத்தம் நின்னுச்சு. அப்பா நல்லா தூங்கறார்னு நினைச்சேன். முழிச்சுக்கப் போறார்னு பேப்பரக்கூட மெதுவா திருப்பினேன்."

பூதக்கண்ணாடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷம் விபத்துகளை விசாரித்தவர்.

நான்கு பத்துக்கு டீச்சரே போனை எடுத்தாள்.

"அண்ணா, அந்தப் புகார் வேண்டாம். ஏஜென்சிக்கு இப்பவே சொல்லிடு." எதிர்முனை என்னவோ கேட்டது. "இல்ல. சிஸ்டர் வரும்போதே காலி. நோட்டுல இருக்கறது நான் பாத்து எழுதினது இல்ல." மறுபடியும் கேட்டது. நிறைய நேரம் கேட்டது. "ஆமா, நான்தான் பக்கத்துல இருந்தேன். ஆமா. தெரியும். நீ வா, எழுதித் தரேன்."

போனை மேசையில் வைத்தாள். அது இன்னும் அணையவில்லை. அண்ணன் பேசிக்கொண்டிருப்பது சின்னதாகக் கேட்டது. ஸ்பீக்கர் சிஸ்டருக்குத் தகவல் அனுப்பினான். 'தப்பிச்சீங்க' என்று அடித்தான், அதை அழித்தான். 'ஐந்து மணிக்குப் போக வேண்டாம்' என்று மட்டும் அனுப்பினான். உடனே பதில் வந்தது. நன்றி, நன்றி என்று ஏழெட்டு நன்றி. அவன் செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"கிளம்பறோம்மா," என்றார் பூதக்கண்ணாடி. ஆனால் எழுந்திருக்கவில்லை.

"மேடம்." டீச்சர் தாளிலிருந்து கண்ணை எடுத்தாள். "அன்னிக்கு ராத்திரி நான் நாலுக்குத் திருப்பாம இருந்திருந்தா, அப்பா விடியற வரைக்கும் இருந்திருப்பாரா?"

"தெரியலம்மா."

"கணக்குப் போட்டுப் பாக்க வழி இல்லையா?"

"இல்லம்மா."

டீச்சர் சரி என்பதுபோல் தலையை ஆட்டினாள். வாசலில் நாலரை மணி வகுப்புப் பிள்ளைகள் வந்து சேர்ந்திருந்தார்கள். ஒருத்தி கதவைத் தட்டினாள். டீச்சர் உள்ளே இருக்கிறார்களா என்று இன்னொருத்தி கேட்டது தெளிவாகவே கேட்டது. மூன்று பேரில் யாரும் எழுந்து போய்த் திறக்கவில்லை.